போமட் அடிப்பதற்கு முன்: பழைய லப்டொப்பில் எஸ்எஸ்டி பூட்டும் வேலைக்கு ஒரு வழிகாட்டி

"தம்பி, இது சரியான ஸ்லோ. ஒருக்கா போமட் அடிச்சுத் தாங்கோ." கிளிநொச்சியிலோ புதுக்குடியிருப்பிலோ வவுனியாவிலோ கணினி திருத்தும் கடையொன்றில் அரை நாள் நின்றால் இந்த வசனம் காதில் விழும். கொண்டுவருபவர் ஒரு ரீச்சராக இருப்பார், அறிவியல்நகரில் பொறியியல் படிக்கிற பிள்ளையாக இருப்பார், கொமினிகேசன் கடை வைத்திருக்கிற அக்காவாக இருப்பார். மெசின் எட்டுப் பத்து வருடப் பழசு. போமட் அடித்தால் கொஞ்ச நாளைக்கு நல்லாய் ஓடும், பிறகு பழையபடிதான். கோளாறு இருப்பது விண்டோஸில் இல்லை. நிமிடத்துக்கு 5400 தடவை சுற்றுகிற அந்தப் பழைய வன்தட்டில்.

வன்தட்டுக்குள் ஒரு சின்ன ஊசிமுனை தட்டின் மேல் அங்குமிங்கும் ஓடித்தான் ஒவ்வொரு துண்டுத் தகவலையும் எடுக்கவேண்டும். சிதறிக் கிடக்கும் சின்னச் சின்ன ஃபைல்களை வினாடிக்கு நூறு தடவை எடுப்பதே அதற்குப் பெரும்பாடு. எஸ்எஸ்டிக்குள் அசைகிற பாகமே கிடையாது. அதே வேலையை வினாடிக்கு ஆயிரக்கணக்கான தடவை செய்யும். விண்டோஸ் எழும்பும்போது பெரும்பாலும் நடப்பது இந்தச் சின்ன ஃபைல் வாசிப்புத்தான் என்பதால், வன்தட்டை மாற்றினாலே பழைய மெசினுக்கு உயிர் வந்துவிடுகிறது.

இந்த வேலைக்கு வன்னியில் தேவை குறையப் போவதில்லை. 2022 மார்ச்சில் டொலருக்கு இருநூறு ரூபாவளவில் நின்ற நாணயம் மே மாதமளவில் முந்நூற்றறுபதைத் தொட்டது. புது லப்டொப் அன்றைக்குப் பல குடும்பங்களுக்குக் கை எட்டாத பொருளானது; இன்றும் அப்படித்தான். அதே நேரம் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் பொறியியல், விவசாய, தொழில்நுட்ப பீடங்கள் கிளிநொச்சியில் இருக்கின்றன. வவுனியா வளாகம் 2021 ஓகஸ்ட் 1இல் தனிப் பல்கலைக்கழகமாகிவிட்டது. பழைய மெசினை வைத்துப் பட்டம் முடிக்கவேண்டிய பிள்ளைகள் ஏராளம். இதை ஒழுங்காகச் செய்யத் தெரிந்தவருக்கு மாங்குளத்தில் இருந்தாலும் மல்லாவியில் இருந்தாலும் வேலை தேடி வரும்.

ஒழுங்காக என்று சொல்வதில்தான் முழு விசயமும் இருக்கிறது. எஸ்எஸ்டி பூட்டிப் பணிசெயல் முறைமையை நிறுவ ஒரு மணித்தியாலம் போதும், காணொளி பார்த்தே பழகிவிடலாம். அந்த மனிதரின் ஃபைல்களைப் பத்திரமாகக் கரைசேர்த்து, அவருடைய தமிழும் பிறின்டரும் முன்பு போலவே வேலை செய்கிற நிலையில் திருப்பிக் கொடுப்பதுதான் தொழில். உங்கள் பெயர் அதில்தான் தங்கும்.

முதலில் கேளுங்கள், பிறகு கழற்றுங்கள்

ஒரு வேலைச் சீட்டு அடியுங்கள். வெறும் ஏ4 தாளில் பாதி போதும். பெயர், தொலைபேசி, மெசினின் மொடல், சார்ஜர் தந்தாரா, உடைவு கீறல் எங்கே, எந்த எந்தக் கோப்புறைகள் வேண்டும், என்ன சொப்ட்வெயார் பாவிக்கிறார், எந்தப் பிறின்டர், தமிழில் எதில் தட்டச்சுச் செய்கிறார். இதைக் கேட்க ஐந்து நிமிடம் போகும். பின்னால் வரக்கூடிய சண்டைகளில் அரைவாசி அந்த ஐந்து நிமிடத்திலேயே தீர்ந்துவிடும்.

"எல்லாத்தையும் அழியுங்கோ, ஒண்டும் வேண்டாம்" என்று சொல்பவரையும் நம்பவேண்டாம். டெஸ்க்டொப்பில் கிடப்பதும் டவுன்லோட்ஸில் கிடப்பதும் அவருக்கு நினைவு வராது. வன்னியில் இதற்கு ஒரு தனிப் பாரம் உண்டு. 2009இல் போரினால் இடம்பெயர்ந்து இடம்பெயர்ந்து வந்த குடும்பங்கள் பிறப்புச் சான்றிதழ், காணி உறுதி, கல்யாண அல்பம் எல்லாவற்றையும் வழியில் விட்டுவிட்டு வந்தவை. பிறகு ஒவ்வொன்றாக எடுத்து ஸ்கேன் பண்ணி வைத்த பிரதிகளும், வெளிநாட்டிலிருக்கும் உறவினர் அனுப்பிய பழைய படங்களும் இந்த மெசின்களுக்குள்தான் கிடக்கின்றன. இரண்டாம் தடவை அவற்றை இழக்க நீங்கள் காரணமாகக் கூடாது. கேட்காமல் அழிப்பதை நான் திருத்த வேலையென்றே ஒத்துக்கொள்ள மாட்டேன்.

ஃபைல் எடுப்பதற்கு முன்னர் வன்தட்டின் உடல்நிலையைப் பாருங்கள். விண்டோஸ் எழும்புமென்றால் கிறிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ, எழும்பாவிட்டால் லினக்ஸ் பென் டிரைவில் ஏற்றி 'டிஸ்க்ஸ்' செயலி. மாற்றி ஒதுக்கப்பட்ட செக்டர்கள், வாசிக்க முடியாமல் காத்திருக்கும் செக்டர்கள் என்ற இரண்டு வரிகளைத் தேடுங்கள். இரண்டும் பூச்சியமென்றால் நிம்மதியாகக் கொப்பி எடுக்கலாம். எண்ணிக்கை இருந்தால் முக்கியமான கோப்புறைகளை முதலில் எடுங்கள். சினிமாப் படங்கள் கடைசியில். 'டிக் டிக்' என்று சத்தம் வந்தால் உடனே நிறுத்திவிடுங்கள். ஓடவிட ஓடவிடத் தட்டு சேதமாகும். அந்த நேரம் 'எங்களால் ஏலாது, தரவு மீட்கிற ஆட்களிடம் கொடுங்கள்' என்று சொல்வதுதான் நல்ல வேலைக்காரனின் பதில்.

சற்றுப் புதிய மெசின்களில் பிட்லொக்கர் பூட்டு இருக்கக்கூடும். மீட்புச் சாவி இல்லாமல் வன்தட்டைக் கழற்றி வேறொன்றில் போட்டால் ஒன்றுமே திறக்காது. சாவி பெரும்பாலும் வாடிக்கையாளரின் மைக்ரோசொஃப்ட் கணக்கில் இருக்கும். விண்டோஸ் ஓடிக்கொண்டிருக்கும்போதே அதை எடுத்து எழுதி வைப்பியுங்கள்.

இன்னொன்று. கொப்பி எடுக்கும்போது படங்களைத் திறந்து பார்க்காதீர்கள். பெண் பிள்ளைகள் லப்டொப்பைக் கடையில் கொடுக்கத் தயங்குவதற்கு இதுதான் காரணம். அந்தப் பயத்தில் நியாயம் இருக்கிறது. கோப்புறையாகவே கொப்பி எடுங்கள், எண்ணிக்கையையும் அளவையும் ஒப்பிட்டுச் சரிபாருங்கள், அது போதும். 2007ஆம் ஆண்டின் 24ஆம் இலக்கக் கணினிக் குற்றச் சட்டப்படி அனுமதியில்லாமல் ஒருவருடைய தகவலுக்குள் நுழைவது குற்றம். அடுத்தவரின் லப்டொப் கையில் இருப்பது அதற்குள் உலாவ அனுமதி ஆகாது. கடைக்குப் புதிதாக வேலைக்கு வரும் தம்பிமாருக்கு முதல் நாளே இதைச் சொல்லுங்கள். வேலை பழகும் தங்கச்சிமார் கடையில் இருந்தால் பெண் வாடிக்கையாளர் நம்பி வருவார்கள் என்பதையும் கடை வைத்திருப்பவர்கள் யோசிக்கவேண்டும்.

எந்த எஸ்எஸ்டி

பத்து வருடத்துக்கு முந்திய லப்டொப் என்றால் அனேகமாக 2.5 அங்குல சாட்டா வகைதான். தடிப்பு 7 மில்லிமீற்றர். பழைய வன்தட்டு 9.5 ஆக இருந்தால் எஸ்எஸ்டி ஆடாமலிருக்க ஒரு பிளாஸ்டிக் சட்டம் வைக்கவேண்டும். கொஞ்சம் பிந்திய மெசின்களில் எம்.2 துளை இருக்கும். அங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். பார்வைக்கு ஒரே மாதிரி இருந்தாலும் எம்.2 வடிவில் சாட்டாவும் உண்டு, என்விஎம்இயும் உண்டு. சாட்டா மட்டும் ஏற்கும் துளையில் என்விஎம்இ பூட்டினால் மெசின் அதைக் காணவே காணாது. மொடல் இலக்கத்தைத் தேடிப் பார்த்துவிட்டு வாங்குங்கள், ஊகத்தில் வாங்கவேண்டாம்.

கொழும்பு பம்பலப்பிட்டி யூனிற்றி பிளாசாவில் எடுப்பித்தாலும் உள்ளூர்க் கடையில் வாங்கினாலும் உத்தரவாதச் சீட்டு இல்லாமல் எடுக்காதீர்கள். பேஸ்புக் விளம்பரத்தில் நம்பமுடியாத விலைக்கு வரும் 'இரண்டு டெராபைட்' வெளிப்புற டிரைவ்கள் பல போலி. உள்ளே ஒரு சின்ன மெமரி கார்ட் இருக்கும், எழுதிய ஃபைல் நிரம்பியதும் பழையதன் மேலேயே எழுதும். சந்தேகமென்றால் எச்2டெஸ்ட் மாதிரி ஒரு சோதனை ஓடவிட்டுப் பார்த்த பிறகே வாடிக்கையாளரின் தரவை அதில் வையுங்கள். 240 ஜிபி என்று வாங்கியது விண்டோஸில் 223 ஆகக் காட்டுவது போலி என்பதால் அல்ல. உற்பத்தியாளர் ஆயிரத்தால் கணக்கிடுகிறார், விண்டோஸ் 1024ஆல் கணக்கிடுகிறது. இதை முன்கூட்டியே சொல்லிவிடுங்கள், "பதினேழு ஜிபி எங்கே போச்சு?" என்ற கேள்வி வராது.

மூடியைத் திறக்கும் நாளிலேயே ராமையும் பாருங்கள். 4 ஜிபியை 8 ஆக்குவது எஸ்எஸ்டிக்கு அடுத்த பெரிய உதவி. டிடிஆர்3, டிடிஆர்3எல் வேறுபாட்டைக் கவனியுங்கள்: இன்டெலின் நான்காம் தலைமுறை லப்டொப்புகள் 1.35 வோல்ற்றில் ஓடும் எல் வகையைத்தான் கேட்கும். விசிறியில் படிந்திருக்கும் செம்மண் புழுதியையும் துடையுங்கள். எங்கள் ஊர் ஒழுங்கைகளின் புழுதி வெப்பம் போகும் வழியை அடைத்துவிடுகிறது, சூடேறிய மெசின் தானாகவே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும்.

எந்தப் பணிசெயல் முறைமை

விண்டோஸ் 10க்கான வழமையான ஆதரவு 2025 ஒக்டோபர் 14உடன் முடிந்துவிட்டது. தனிநபர்களுக்கான நீட்டிப்புத் திட்டம் 2026 ஒக்டோபர் 13 வரை மட்டும். விண்டோஸ் 11 ஏறவேண்டுமென்றால் இன்டெல் எட்டாம் தலைமுறை அல்லது அதற்குப் பிந்திய புரொசெசர், டிபிஎம் 2.0, யூஇஎஃப்ஐ எல்லாம் வேண்டும். நம் கடைகளுக்கு வரும் பழைய மெசின்கள் பலவற்றில் இவை இல்லை. ரூஃபஸ் என்ற செயலி மூலம் சோதனைகளைத் தாண்டி ஏற்றலாம் என்பது உண்மைதான். ஆனால் வருடாந்தப் பெரிய புதுப்பிப்புகள் அவற்றுக்குத் தானாக வராது. கோர் 2 டுவோ காலத்து மெசினில் புதிய பதிப்பு எழும்பவே எழும்பாது. வாடிக்கையாளரின் மெசினில் சோதனைகளைத் தாண்டி ஏற்றுவதை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

எட்டாம் தலைமுறையும் அதற்குப் பிந்தியதும் விண்டோஸ் 11 எடுக்கட்டும். விண்டோஸோடு வாங்கிய மெசினென்றால் விண்டோஸ் 8 காலத்திலிருந்தே சாவி மதர்போர்டுக்குள் பதிந்திருக்கிறது. வன்தட்டை மாற்றினாலும் அதே பதிப்பை நிறுவினால் இணையம் கிடைத்ததும் தானாகச் செயற்படும். சட்டப்படியான உரிமை ஏற்கெனவே கையில் இருக்க, உடைத்த விண்டோஸை அடித்துவிட்டு வைரஸ் தடுப்பை நிறுத்தச் சொல்லும் பழக்கத்தை விட்டுவிடுவோம். சாவி உடைக்கும் சொப்ட்வெயார்களோடுதான் பாஸ்வேர்ட் திருடும் நிரல்களும் வந்து சேர்கின்றன. அந்த மெசினில் வங்கிக் கணக்குப் பார்ப்பவர் உங்களை நம்பி வந்தவர்.

மற்றவைக்கு லினக்ஸ் மின்ட், எக்ஸ்எஃப்சிஈ பதிப்பு. 22ஆம் வரிசைக்கு 2029 வரை ஆதரவு இருக்கிறது, இலவசம், 4 ஜிபி ராமில் நன்றாகவே ஓடும். இலவச மென்பொருள் என்றால் தரம் குறைவு என்று நினைப்பவர்களுக்கு ஒன்று சொல்லலாம்: 2004 டிசெம்பர் 26 ஆழிப்பேரலை முல்லைத்தீவையும் இந்தத் தீவின் கரையோரத்தில் பெரும்பகுதியையும் அழித்தபோது, நிவாரணத்தை ஒழுங்குபடுத்த இலங்கை நிரலாளர்கள் எழுதிய 'சஹானா' திறந்த மூல மென்பொருள்தான், பின்னர் உலகின் வேறு பேரிடர்களிலும் அது பாவிக்கப்பட்டது. ஆனாலும் எல்லோருக்கும் லினக்ஸ் பொருந்தாது. கணக்கு எழுத விண்டோஸ் சொப்ட்வெயார் பாவிக்கும் கடைக்காரர், கெனன் எல்பிபி 2900 போன்ற பிறின்டரை நம்பிப் பிழைக்கும் கொமினிகேசன் அக்கா ஆகியோருக்குக் கொடுத்தால் மறுநாளே திரும்பி வருவார்கள். அந்தப் பிறின்டருக்கு லினக்ஸில் ட்ரைவர் போடுவது பெரும் சிரமம். வேலைச் சீட்டில் பிறின்டரைக் கேட்கச் சொன்னது இதற்காகத்தான்.

நிறுவும் நேரம்

ஐஎஸ்ஓ கோப்பு மின்டுக்கு ஏறக்குறைய 3 ஜிபி, விண்டோஸ் 11க்கு 5 ஜிபிக்கு மேல். இரவு டேட்டாவில் ஒரு தடவை இறக்கி வையுங்கள், எப்போதும் உத்தியோகபூர்வத் தளத்திலிருந்தே. வென்டோய் போட்ட 32 ஜிபி பென் டிரைவ் ஒன்றில் எல்லாவற்றையும் வைத்துக்கொள்ளலாம். நெடுங்கேணிப் பக்கம் சிக்னல் தேடி அலையும் வேலை மிச்சம்.

கறண்ட் பற்றிக் கட்டாயம் சொல்லவேண்டும். பழைய லப்டொப்பின் பற்றரி செத்திருக்கும். நிறுவும் நடுவில் மின்சாரம் போனால் பாதியில் நிற்கும். நிறுவல் கெட்டால் திரும்பச் செய்யலாம். ஆனால் பயோஸ் புதுப்பிக்கும்போது கறண்ட் போனால் மதர்போர்டே பயனற்றுப் போகலாம். நல்ல பற்றரியோ யூபிஎஸ்ஸோ இல்லாமல் பயோஸில் கை வைக்காதீர்கள். சித்திரையிலும் ஐப்பசியிலும் பின்னேரம் இடி முழங்கத் தொடங்கினால் சார்ஜரைக் கழற்றிவிடுங்கள், ரவுட்டர் வயரையும் சேர்த்து.

மூடியைத் திறந்ததும் முதலில் பற்றரி இணைப்பை எடுங்கள், பவர் பொத்தானைப் பத்து வினாடி அழுத்துங்கள், பிறகே வன்தட்டைத் தொடுங்கள். எஸ்எஸ்டி பூட்டியபின் பழைய வன்தட்டை எந்த வழியிலும் இணைக்காமல் நிறுவுங்கள். இரண்டும் இணைந்திருந்தால் தவறான தட்டை அழிக்க ஒரு கிளிக் போதும்; அழிக்காவிட்டாலும் ஆரம்பிக்கும் கோப்புகள் பழைய தட்டில் போய் உட்கார்ந்துகொள்ளும், அதைக் கழற்றினால் மெசின் எழும்பாது.

பென் டிரைவிலிருந்து ஏற்ற டெல், லெனோவோவில் எஃப்12, எச்பியில் எஃப்9, ஏசஸில் எஸ்கேப். ஏசரில் எஃப்12ஐ முதலில் பயோஸுக்குள் போய் இயக்கவேண்டும். அங்கே திகதியையும் பாருங்கள். வருடம் 2010 என்று காட்டினால் உள்ளே இருக்கும் சின்ன பற்றரி முடிந்துவிட்டது. மாற்றாவிட்டால் இணையத் தளங்கள் பாதுகாப்பற்றவை என்று மறுக்கும், புதுப்பிப்பும் நடக்காது. மிகப் பழைய மெசின் யூஇஎஃப்ஐ அறியாது; வென்டோய் இல்லாமல் ரூஃபஸில் தயாரிப்பதென்றால் அதற்கு எம்பிஆர் முறையிலும் மற்றவற்றுக்கு ஜிபிடி முறையிலும் பென் டிரைவைத் தயாரிக்கவேண்டும். இங்கே பிழை விட்டால் பென் டிரைவ் ஏறாமல் போகலாம், நிறுவல் முடிந்தபின்னும் கறுப்புத் திரை வரலாம். புது எஸ்எஸ்டி 'ஒதுக்கப்படாத இடம்' என்று காட்டும். பிரிக்காமல் அப்படியே தெரிவுசெய்து அடுத்ததற்குப் போங்கள். எஸ்எஸ்டியே காட்டவில்லையென்றால் முதலில் பயோஸில் தெரிகிறதா என்று பாருங்கள். அங்கும் இல்லையென்றால் சரியாகப் பூட்டுப்படவில்லை.

நிறுவி முடிய வைஃபை வேலை செய்யாவிட்டால் பதறவேண்டாம். உங்கள் போனை யூஎஸ்பி வயரால் இணைத்து டெதரிங் போட்டால் இணையம் வந்துவிடும், ட்ரைவர்கள் இறங்கும்.

பழைய விண்டோஸை அப்படியே குளோன் பண்ணி எஸ்எஸ்டிக்கு மாற்றலாமா என்று கேட்பார்கள். குளோன்சில்லா அதைச் செய்யும். பழைய வைரஸும் குப்பையும் சேர்ந்தே வரும் என்பதால் எனக்கு அது இரண்டாம் விருப்பம். மீண்டும் நிறுவ வழியில்லாத கணக்கியல் சொப்ட்வெயார் உள்ள அலுவலக மெசினென்றால் மட்டும் குளோன் செய்யுங்கள்.

தமிழ் சரியாக வருகிறதா?

வெளியூர் வழிகாட்டிகளில் இந்தப் பகுதி இருக்காது. பிரதேச செயலகக் கடிதமோ பாடசாலை வினாத்தாளோ சங்க அறிக்கையோ, எங்கள் பகுதியில் இன்னும் ஏராளமானவை பாமினி எழுத்துருவில்தான் இருக்கின்றன. பாமினி ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் வடிவங்களை வைத்த எழுத்துரு. புது நிறுவலில் அது இல்லாததால், பத்து வருட வினாத்தாள்களைத் திறக்கும் ரீச்சருக்கு ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியும் கலந்த குழப்பமே தெரியும். ஃபைல் எல்லாம் பழுதாகிவிட்டது என்றுதான் அவர் நினைப்பார். பழைய வன்தட்டின் விண்டோஸ் கோப்புறைக்குள் உள்ள 'ஃபொன்ட்ஸ்' கோப்புறையையும் கொப்பி எடுங்கள். அவர் பாவித்த எழுத்துருக்கள் பெரும்பாலும் அங்கே இருக்கும். மின்டிலும் அதே எழுத்துருக்களை நிறுவலாம், லிப்ரே ஒஃபிஸில் வேலை செய்யும்.

யுனிகோடில் தட்டச்சுச் செய்பவர்களுக்கு இலங்கையின் எஸ்எல்எஸ் 1326 தரத்திலுள்ள ரெங்கநாதன் விசைப்பலகையை அமைத்துக் கொடுங்கள். லினக்ஸில் ஐபஸ், எம்17என் மூலம் அது கிடைக்கிறது. பாமினியில் இருப்பதை யுனிகோடாக்க சுரதாவின் 'பொங்குதமிழ்' போன்ற எழுத்துருமாற்றிகள் இருக்கின்றன. காட்டிக் கொடுத்தால் பயன்படுத்துவார்கள். கடைசியில் வாடிக்கையாளரின் சொந்தக் கடிதம் ஒன்றை அவர் முன்னிலையிலேயே, அவர் காட்டும் கடிதமாகப் பார்த்து, திறந்து அச்சிட்டுக் காட்டுங்கள்.

கையளிக்கும்போது

பழைய வன்தட்டு வாடிக்கையாளருடையது. நல்ல நிலையிலிருந்தால் யூஎஸ்பி கேசிங் ஒன்றில் போட்டுக் கொடுங்கள், காப்புப் பிரதி வைக்க உதவும். செத்ததாக இருந்தாலும் உறையில் போட்டு அவரிடமே ஒப்படையுங்கள். உங்கள் மெசினில் எடுத்த கொப்பியை ஒரு கிழமை வைத்திருந்து, எல்லாம் சரியென்று அவர் சொன்னபின் அழித்துவிடுங்கள். பில்லில் பொருளின் விலை வேறு, கூலி வேறு என்று எழுதுங்கள். இரண்டையும் ஒன்றாக்கி ஒரு தொகை சொன்னால் கொழும்பு விலையோடு ஒப்பிட்டுக் கூலியைத்தான் வெட்டுவார்கள்.

வேலை கைவந்தபின் அதற்கொரு சான்றிதழ் எடுங்கள். அலுவலகங்களிலும் நிறுவனங்களிலும் கணினிப் பராமரிப்புக்கு ஆள் எடுக்கும்போது என்விகியூ எனப்படும் தேசிய தொழில் தகைமைச் சான்றிதழ் கேட்கிறார்கள். அறிவியல்நகரில் 2016இல் திறக்கப்பட்ட இலங்கை ஜேர்மன் பயிற்சி நிறுவகத்தில் தகவல் தொடர்பாடல் தொழில்நுட்பப் பிரிவு இருக்கிறது. தொழிற்பயிற்சி அதிகாரசபையின் நிலையங்களில் கணினி வன்பொருள் பாடநெறிகளைப் பற்றி விசாரிக்கலாம். கடையில் நின்று பழகியவர் திரும்ப வகுப்புக்குப் போகத் தேவையில்லை. நைட்டா என்று நாம் சொல்லும் பயிலுநர் பயிற்சி அதிகாரசபை, முன்கற்றலை அங்கீகரிக்கும் முறையில் உங்கள் கைத்திறனைச் சோதித்து என்விகியூ வழங்குகிறது. மாவட்ட அலுவலகத்தில் விண்ணப்பிக்கலாம். செய்த வேலைக்கு ஆதாரம் கேட்பார்கள். வாடிக்கையாளரின் பெயரையும் தொலைபேசி இலக்கத்தையும் மறைத்து, திகதியும் மொடலும் செய்த வேலையும் தெரியும்படி கொப்பி எடுத்த வேலைச் சீட்டுகளை ஒரு ஃபைலில் ஒழுங்காகக் கோத்து எடுத்துச் செல்லுங்கள்.